பை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்

புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் எங்கள் அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "வெளியில பை தொங்குமா சார்?" தொங்காத மாதிரியும் ஒரு ஆபரேஷன் இருக்கிறது என்று பதில் வந்ததும், "அப்போ அதையே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு லுங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார். மொத்தம் மூன்று நிமிஷம். காசிமேட்டில் ஒரு கிலோ வஞ்சிரத்துக்கு இதைவிட அதிக நேரம் பேரம் பேசுகிற ஆள் அவர். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததையும், வட சென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இதே ஆபரேஷனுக்குப் போன நாலைந்து பேரோடு பேசியதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, இதைப் படித்துவிட்டு அவரிடம் கேள்வி கேளுங்கள், அவ்வளவுதான்.

என்னென்ன வழி இருக்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும், அதில் வருகிற நீருக்கு ஒரு பாதை வேண்டும். சிறுகுடலில் 15 முதல் 20 செ.மீ. துண்டை எடுத்து, ஒரு முனையில் இரண்டு சிறுநீரகக் குழாய்களையும் இணைத்து, மறுமுனையைத் தொப்புளுக்கு வலப்பக்கம் கீழே வெளியே கொண்டுவருவது இலியல் காண்டூயிட். அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர், அதன் மேல் பை ஒட்டிக்கொள்ள வேண்டும். 1950 வாக்கில் பிரிக்கர் என்ற சர்ஜன் பரவலாக்கியது, இன்றும் உலகத்தில் அதிகம் செய்யப்படுவது இதுதான். இரண்டாவது, 50, 60 செ.மீ. குடலைப் பிளந்து பந்து மாதிரி தைத்து, பழைய சிறுநீர்ப்பை இருந்த இடத்திலேயே வைத்து, பழைய வழியிலேயே சிறுநீர் போக வைக்கும் நியோபிளாடர். மூன்றாவதாக, வயிற்றுக்குள் பை, வெளியில் சின்னத் துளை, அதில் நாமே டியூப் விட்டு எடுப்பது என்று ஒன்று உண்டு, அதைக் குறைவாகத்தான் செய்கிறார்கள்.

அப்பா செய்த முதல் தவறு, நியோபிளாடர் என்றால் பழையபடி ஆகிவிடலாம் என்று நினைத்தது. குடலுக்கு "நிரம்பிவிட்டது, எழுந்திரு" என்று சொல்லத் தெரியாது. முட்டிக்கொண்டு வரும் அந்த உணர்வு போய்விடும், கடிகாரத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் அலாரம் வைத்து. புதுப் பை மெல்ல மெல்லத்தான் விரிந்து 400, 500 மில்லி பிடிக்கும், அதற்கு மாதங்கள் ஆகும். பகல் கசிவு பெரும்பாலோருக்குக் கட்டுக்குள் வந்துவிடுகிறது, ஆனால் தூக்கத்தில் நனைவது பலருக்கு ரொம்ப நாள் நீடிக்கும், சிலருக்குப் போகவே போகாது. இன்னொரு பக்கம், முழுதாகக் காலியாகாமல் நின்றுவிடுவதும் உண்டு, பெண்களுக்கு இது கூடுதல். அப்படி ஆனால் தினமும் நாமே டியூப் விட்டு எடுக்க வேண்டும். கை நடுங்குகிறவர், கண் மங்கியவர், "என்னால டியூப்லாம் முடியாதுப்பா" என்கிறவர் இதை ஆபரேஷனுக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஏரியாவுக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. ஹவுசிங் போர்டில் நாலு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை என்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் கதவைத் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. பை வைத்திருப்பவர் ஏறுவதற்கு முன் திறந்து காலி செய்துவிட்டு உட்கார்ந்துவிடலாம், நியோபிளாடர்காரர் நேரம் பார்த்துத்தான் வண்டி பிடிக்க வேண்டும். அதற்காகப் பை சுலபம் என்று சொல்ல வரவில்லை. நம் ஊர் வியர்வையில் பசை சீக்கிரம் விட்டுவிடும், சுற்றியுள்ள தோல் வெந்துபோகும். மூன்று, நாலு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஆபரேஷன் செலவு காப்பீட்டில் போனாலும் பைக்கு மாதாமாதம் யார் பணம் கொடுப்பது என்று சேரும்போதே கேளுங்கள், எங்களுக்கு அது தோன்றவேயில்லை.

சரி, எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டியே அழுத்திச் சொல்லவில்லை. நீங்கள் நியோபிளாடர் என்று முடிவு செய்தாலும், ஆபரேஷன் நடுவே சிறுநீர்த் தாரையின், அதாவது சிறுநீர் வெளியே வருகிற குழாயின், வெட்டுமுனையை உடனடியாகப் பரிசோதிப்பார்கள். அதில் புற்று இருந்தால் நியோபிளாடர் கிடையாது, நேராகக் காண்டூயிட்தான். அப்பாவுக்கு அதுதான் நடந்தது. மயக்கம் தெளிந்து வயிற்றில் பையைப் பார்த்தவர், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நான்தான் கையெழுத்துப் போட்டு ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு. பை வராது என்ற நம்பிக்கையில் யாரும் வயிற்றில் குறி போட்டு வைக்கவில்லை. மேஜையில் மல்லாந்து படுத்திருந்தவருக்குச் சர்ஜன் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த இடம், உட்கார்ந்தால் தொப்பை மடிகிற இடம். லுங்கி முடிச்சு விழுகிற இடமும் அதுவேதான்.

அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஆபரேஷனுக்கு முந்தைய நாளே ஸ்டோமாவுக்கு இடம் குறிக்கச் சொல்லுங்கள். படுத்து, உட்கார்ந்து, நின்று, குனிந்து, எல்லா நிலையிலும் பார்த்துக் குறிக்க வேண்டும், அந்த இடம் நம் கண்ணுக்கு நாமே பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். வழக்கமாக உடுத்துகிற லுங்கியோடு போங்கள். பெண்கள் பாவாடை நாடா எங்கே வரும் என்று கட்டிக் காட்டுங்கள், தொழுகைக்கு மண்டியிடுபவர் மண்டியிட்டுக் காட்டுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பா இப்போது லுங்கியை நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே கட்டுகிறார். பார்க்க வேடிக்கையாக இருக்கும், யாரும் சிரிப்பதில்லை.

"வயசாயிடுச்சு, பைதான்" என்று வீட்டார் முடிவு செய்வதும் தவறு, "சின்ன வயசு, கண்டிப்பா நியோபிளாடர்" என்பதும் தவறு. வயது மட்டும் முடிவு செய்வதில்லை. கிரியாட்டினின் ஏறியிருந்தால், அதாவது சிறுநீரகம் ஏற்கனவே சுணங்கியிருந்தால், நியோபிளாடர் வேண்டாம் என்பார்கள், ஏனென்றால் குடல் சும்மா இருக்காமல் சிறுநீரிலிருந்து அமிலத்தைத் திரும்ப ரத்தத்துக்குள் உறிஞ்சும். நல்ல சிறுநீரகம் அதைச் சமாளிக்கும். எந்த வழியானாலும் அசதி, வாந்தி, பசியின்மை என்று வந்தால் "ஆபரேஷன் பண்ண உடம்புல்ல" என்று விட்டுவிடாமல் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறதா என்று காட்டும் பைகார்பனேட் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், பி12 அளவும் சில வருடங்களில் குறையலாம். எந்த வழி என்பதால் புற்றுநோய் குணமாவதில் ஏற்ற இறக்கம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அது சிறுநீர்ப்பையை எடுப்பதிலும் நோயின் கட்டத்திலும் இருக்கிறது. தாம்பத்தியம் பற்றிய கேள்வியும் தனி. ஆண்களுக்குப் புரோஸ்டேட்டும் சேர்ந்து போகிறது, விறைப்புக்கான நரம்பைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். மனைவி பக்கத்தில் இருக்கிறார் என்று கேட்காமல் விடாதீர்கள், அவருக்கும் அந்தப் பதில் வேண்டும்.

சின்னச் சின்னத் தவறுகள் சில. கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது, குடல் விடுகிற சளி கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஸ்டோமாவைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவுவது, அப்புறம் பை எங்கே ஒட்டும்? காபி குடித்த பிறகு பையை மாற்றுவது, காலையில் காபிக்கு முன் மாற்றினால் நீர் சொட்டுவது குறைவு. காய்ச்சல் எதுவும் இல்லாமல் யூரின் கல்ச்சரில் கிருமி என்று வந்ததற்கெல்லாம் ஆன்டிபயாடிக் விழுங்குவது, குடல் வழியாக வரும் நீரில் கிருமி இருப்பது சகஜம். மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஸ்டோமா பக்கத்தில் குடலிறக்கம் வரலாம், ஹார்பர் வேலைக்காரர்கள் இதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யோசிக்க நேரம் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். கீமோ முதலில் கொடுத்தால் அந்த மாதங்களே நேரம். ஸ்டான்லியிலும் சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சிலும் யூராலஜி பிரிவு இருக்கிறது, இன்னொரு கருத்து கேட்கலாம். அதற்காகக் கஷாயம் குடித்துப் பார்க்கிறேன் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஸ்டோமாவில் ஒட்டுகிற பை ஒன்றில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் வெளியே போய் வாருங்கள். அப்புறம் ஒரு வாரம், ராத்திரி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து பாருங்கள். வியாசர்பாடிக்காரர் ஒருவர் மூன்றாம் ராத்திரி போனைத் தூக்கி எறிந்துவிட்டு, பையே போதும் என்று போய்விட்டார், நிம்மதியாகத் தூங்குகிறார். ஆட்டோ ஓட்டுகிற இன்னொருவர் ஏழு ராத்திரியும் எழுந்தார், நியோபிளாடர் வைத்துக்கொண்டார், இப்போதும் ஓட்டுகிறார். மூலக்கடையிலிருந்து மிண்ட் வரை எந்தெந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரும் என்று அவரைக் கேட்டால் சொல்வார்.