விக்கர்ஸ் வி-1000 பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்கர்ஸ் நிறுவனம் பிரிட்டிஷ் விமானப்படைக்காக வடிவமைத்த நான்கு இன்ஜின் ஜெட் விமானம் வி-1000. அதையே பயணிகள் விமானமாக மாற்றி, விசி7 என்ற பெயரில் பிரிட்டிஷ் அரசின் விமானப் போக்குவரத்து நிறுவனமான பிஓஏசிக்குத் தருவதாகத் திட்டம். 1955 நவம்பரில் அரசு எல்லாவற்றையும் கைவிட்டது. ஒரு தடவைகூடப் பறக்காத விமானம் என்பதால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

அதைக் காகிதத்தோடு நின்ற கனவு என்று எழுதாதீர்கள். காகிதத்தோடு நின்றது அவ்ரோ அட்லாண்டிக். வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் முக்கோண இறக்கையை வைத்துப் போட்ட திட்டம் அது. வி-1000 விஷயம் வேறு. முதல் விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார்கள். இன்னும் சில மாதங்கள் விட்டிருந்தால் பறந்திருக்கும். அதை உடைத்துப் போட்டார்கள் என்பதுதான் மனதை உறுத்துகிறது.

அடுத்தது, பழியை உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான பிரிட்டனின் கோமெட் தலையில் போடுவது. கோமெட் விபத்துகள் 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடந்தன. விமானப்படைக்கு ஆறு வி-1000 வேண்டும் என்று ஆர்டர் போனது அதே ஆண்டு ஜூனில். பயந்து நிறுத்துவதாக இருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பார்களே! உண்மையில் அதை வீழ்த்தியவை சில்லறைக் காரணங்களின் கூட்டு: ஏறிக்கொண்டே போன எடை, விமானப்படைச் செலவைக் குறைக்கும் கட்டாயம், பெல்ஃபாஸ்ட்டில் பிரிட்டானியா என்ற புரொப்பெல்லர் விமானத்தைக் கட்டி அங்குள்ள வேலைகளைக் காப்பாற்றும் ஆசை, அப்புறம் பிஓஏசியின் ஆர்வமின்மை. இதில் ஒரே ஒரு வில்லனைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

"பெரிய ஜெட்டுகளின் காலம் வரும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?" என்று சமாதானம் சொல்வதும் சரியில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிறுவனமான பான் ஆம் 1955 அக்டோபரிலேயே 20 போயிங் 707, 25 டிசி-8 ஜெட் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. அந்தச் செய்தி வந்து ஒரு மாதம் கழித்துத்தான் வி-1000 கைவிடப்பட்டது. அடுத்த அக்டோபரில் அதே பிஓஏசிக்கு 15 போயிங் 707 வாங்க அரசு அனுமதி கொடுத்தது. முடிவெடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

ஆனால் கோபத்தில் இன்னொரு தவறில் விழக்கூடாது. "வி-1000 வந்திருந்தால் 707 காணாமல் போயிருக்கும்" என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். அதன் இறக்கையைப் பாருங்கள். நான்கு ரோல்ஸ்-ராய்ஸ் கான்வே இன்ஜின்களும் இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குள்ளேயே புதைந்திருந்தன. கான்வே ஒரு பைபாஸ் இன்ஜின். காற்றில் ஒரு பகுதியை எரியும் மையத்துக்குள் விடாமல் வெளிப்புறமாகச் சுற்றி அனுப்பி எரிபொருளை மிச்சப்படுத்தும். இறக்கைக்குள் அடங்கியாக வேண்டும் என்பதால் அதைக் குண்டாக்க முடியவில்லை. மையத்தில் போகும் காற்றில் சுமார் பத்தில் மூன்று பங்கு அளவுதான் சுற்றிப் போனது. போயிங்கோ இன்ஜின்களை இறக்கைக்குக் கீழே தொங்கவிட்டது. அதனால் சில ஆண்டுகளில் இன்னும் பருத்த, சிக்கனமான இன்ஜின்களை மாட்டிக்கொண்டது. விசி7க்கு அது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. கான்வேயும் கடைசியில் 707இன் இறக்கைக்குக் கீழேதான் போய்ச் சேர்ந்தது. 1960இல் ஏர் இந்தியா வாங்கிய 707களில் இருந்தது அந்த இன்ஜின்தான்.

விசி7ஐயும் விக்கர்ஸ் பின்னர் கட்டிய விசி10ஐயும் குழப்புபவர்களும் உண்டு. விசி10 பறந்தது 1962இல். வாலுக்கருகே நான்கு இன்ஜின்களும் உயரமான வாலும் கொண்ட முற்றிலும் வேறு வடிவமைப்பு.

வேகம், தூரம், பயணிகள் எண்ணிக்கை என்று அட்டவணையில் பார்க்கும் எண்களிலும் கவனம் வேண்டும். பறந்து சோதித்து அளந்தவை அல்ல, வடிவமைப்பாளர்கள் கணக்கிட்டவை. 707இன் எண்களுக்குப் பக்கத்தில் அவற்றைப் போடுவதாக இருந்தால், இவை கணிப்புகள் என்று அங்கேயே எழுதிவிடுங்கள்.