கடற்கரையில் ஓர் எம்.ஜி.பி: பெயின்ட் கடைசியில், அடித்தகடு முதலில்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடலாம். அப்பா விட்டுப்போன 1965ஆம் வருட எம்.ஜி.பி., அதாவது மேற்கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கொட்டகைக் கூரை பறந்துபோய், வண்டி இரவெல்லாம் உப்புச்சாரலில் நனைந்தது. பிறகு ஒரு பட்டறையில் பளபளவென்று சிவப்பு அடித்துக் கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் கதவுக்குக் கீழே பட்டி (பள்ளத்தை நிரப்பிப் பூசும் பூச்சு) பெயர்ந்து விழுந்தது. உள்ளே தகடே இல்லை. அதனால்தான் பழைய எம்.ஜி.பி.யைச் சரிசெய்யப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், பெயின்ட் பற்றி இப்போது யோசிக்காதீர்கள்.

இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்கடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகடுதான் முதுகெலும்பு. எங்கள் டிங்கர் அதை ரன்னிங் போர்டு என்பார். மேற்கூரை இல்லாத கார், அதனால் பாரத்தில் பெரும்பகுதி அதன்மேல்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. துரு நடுவில் தொடங்கி வெளியே வரும். நீங்கள் கொப்புளத்தைப் பார்க்கும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டோரம் நகர்த்துங்கள். ஒட்டாத இடம் பட்டி. பிறகு வண்டியின் ஜாக்கி வைக்கும் இடத்தில் மெதுவாகத் தூக்கி, கதவின் இடுக்கைக் கவனியுங்கள். இடுக்கு குறுகினாலோ விரிந்தாலோ முதுகெலும்பு வளைகிறது என்று அர்த்தம். "பாப்பா, தகட்டைப் பார்க்காதே, இடுக்கைப் பாரு" என்று எங்கள் டிங்கர் தாத்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

வெட்டுவதற்கு முன் கதவைக் கழற்றி, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூண் வரை ஒரு அங்குலச் சதுரக் குழாயை, கதவு சாத்த இடம் விட்டு, குறுக்கே பற்றவையுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அப்புறம் அந்தக் கதவு ஒழுங்காகச் சாத்தாது. ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகே மறுபக்கம் கை வைக்க வேண்டும். 18 கேஜ் தகடு போதும். சி.ஓ.டூ வெல்டிங்கில் முதலில் புள்ளி புள்ளியாகப் பிடித்து, கதவை மாட்டிச் சாத்திப் பார்த்த பிறகே முழுதாகப் பற்றவையுங்கள். அதுவும் ஒரே மூச்சில் வேண்டாம், இங்கொன்றும் அங்கொன்றுமாக. சூட்டில் தகடு நெளியும். மூடுவதற்கு முன் உட்பக்கம் துத்தநாக பிரைமர், மூடிய பின் துளை வழியே மெழுகு. அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

எஞ்சின் பயப்பட வேண்டிய விஷயமே இல்லை. இதன் 1798 சி.சி. எஞ்சினும், பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பம். அம்பாசடர் பார்த்த வயதான மெக்கானிக் யாராவது இருந்தால் அவரிடம் போங்கள். டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி), எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.015 அங்குலம், பட்டறையில் '15 தௌ', அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து. இதற்கு ஒன்பது கணக்கு உண்டு. மொத்தம் எட்டு வால்வு, வரிசையாக எண்ணுங்கள். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

எர்த்தில் கவனம். 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இணையும். இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. பழக்கத்தில் நெகட்டிவைப் பாடியில் மாட்டிவிடுவார்கள். அதனால் பேட்டரி மூடிக்குப் பக்கத்தில் இதைத் தமிழிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், காதாலேயே சரிசெய்யலாம். எஞ்சின் சூடான பிறகு, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை, அதைத் தூக்குவதற்கென்றே உள்ள சிறு முளையால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. ஒரு நொடி லேசாகக் கூடி இறங்கினால் சரி. கார்புரேட்டரின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே ஊற்றும் எண்ணெய் எஸ்.ஏ.இ. 20. பெட்ரோலில் இப்போது எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் ஊறி வெடிக்கும். எத்தனால் தாங்கும் குழாயாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில், பக்கத்துக்கு மூன்று நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை). சக்கரத்தைத் தூக்கி வைத்து, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ்.

புதுச்சேரி வரை கடலோரமாக ஓட்டிவந்தால் அன்றே அடிப்பக்கம் கழுவுகிறேன். எங்கள் வீட்டு போர் தண்ணீரே உப்பு, அதனால் பைப் தண்ணீர்தான். தார்ப்பாய் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பருத்தித்துணி போதும். ஐப்பசி பிறக்குமுன் இன்னொரு வேலை. முன்கண்ணாடிக்கு முன்னாலுள்ள காற்றுத்துளையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, குனிந்து பாருங்கள். கியர்பாக்ஸ் பக்கம் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் வடிகுழாயில் சருகு அடைத்திருக்கிறது. குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து, மறுபடி ஊற்றிப் பாருங்கள்.