இரசாயன விரிவுரையாளர் ஆகப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது தினமும் ஈப்போவைத் தாண்டிப் போய் ஒரு கல்லூரியில் இரசாயனம் சொல்லிக்கொடுக்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் "நானும் லெக்சரர் ஆகணும் சார்" என்று வரும்போதெல்லாம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டம் வாங்கினால் வேலை தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான அரசாங்க மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம் என்றால் கல்வித் துறைப் பயிற்சியும் வேண்டும், அப்புறம் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வு இருக்கிறது. பல்கலைக்கழகம் என்றால் முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் என்று படிக்கும்போதே முடிவு செய்யுங்கள். கடல் தாண்டி சபா, சரவாக்கில் வேலை போட்டால் அம்மா அழுவார்கள்தான், ஆனாலும் போய்விட்டு வாருங்கள்.

பெரிய தவறு, பழைய பரீட்சைத் தாளை மட்டும் வைத்துப் பாடம் நடத்துவது. நானும் முதல் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். ஒருநாள் ரப்பர் பால் உறைவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்: துகள்களைச் சுற்றியுள்ள புரதத்தில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளும், ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனி அந்த மின்னூட்டத்தைப் போக்கிவிடும், துகள்கள் மோதி ஒட்டிக்கொள்ளும். பின்வரிசைப் பெண் கையைத் தூக்கி, "பாட்டி ஆசிட் ஊத்துவாங்களே, அதுவா சார்?" என்றாள். அதேதான். என் அம்மாவின் விரல் நுனிகள் அந்த ஆசிட் பட்டுத் தோல் வெளுத்து உரிந்திருக்கும், சோறு பிசையும்போது எரியும் என்பார்கள். அதை வீட்டில் பார்த்து வளர்ந்தவன் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லாமல் வெறும் சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்தேனே! மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் விட்ட பால் மறுநாள் ஏன் தானே உறைந்து கட்டிப்பால் ஆகிறது, அமோனியா சேர்த்தால் ஏன் உறையாமல் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாக்டீரியா உண்டாக்கும் அமிலம், அதை அமோனியா முறிப்பது எல்லாம் அவர்களே சொல்வார்கள். இன்றைக்கு எங்கும் செம்பனைதான், ஆனால் பால்மரம் வெட்டிய பாட்டி இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்.

அமிலத்தையும் காரத்தையும் துளித்துளியாகச் சேர்த்து அளக்கும் டைட்ரேஷனை ஒருமுறை செய்து காட்டிவிட்டு ஓடாதீர்கள். பியூரெட் என்ற அளவுக்குழாயின் திருகை அந்தப் பிள்ளையே திருகட்டும், ஒரே துளியில் இளஞ்சிவப்பு வந்து நிற்பதை அதன் கண்ணே பார்க்கட்டும்.

வேலைக்கு வெளியே நடக்கும் தவறு, ராத்திரி டியூஷன். வீட்டுக் கடனுக்காக வாரம் ஆறு இரவு எடுத்தேன். மகள் பாலர் பள்ளியில் ஆடியதைக் கைப்பேசியில்தான் பார்த்தேன், தைப்பூசத்துக்குக்கூட விடைத்தாளோடு போனேன், திடலில் பந்தாடிய கூட்டாளிகள் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். இப்போது இரண்டே இரவு, அதுவும் மேலிடத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கி. அனுமதி இல்லாமல் எடுத்து மாட்டிக்கொண்டால் ஒழுங்கு நடவடிக்கை வரும், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.