அமெரிக்க அரசுக் கட்டடத்தில் பார்வையற்றவர் கடை: உரிமமும் கணக்கும் உங்கள் கையிலேயே இருக்க

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசுக் கட்டடங்களில் உள்ள காபிக் கடை, சிற்றுண்டிக் கடை, கேன்டீன், தானியங்கி விற்பனை இயந்திரங்கள் ஆகியவற்றை நடத்துவதில் பார்வையற்றவர்களுக்குச் சட்டப்படி முன்னுரிமை உண்டு. 1936இல் வந்த ராண்டால்ஃப்-ஷெப்பர்டு சட்டம் இதைக் கொடுத்தது. மேல்முறையீடு, நடுவர் மன்றம், வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் குழு போன்ற பாதுகாப்புகள் 1974 திருத்தத்தில் வந்தன.

இந்தத் திட்டத்தில் கடை நடத்துபவர் சம்பள ஆள் கிடையாது, உதவித்தொகை வாங்கும் பயனாளியும் கிடையாது. சொந்தத் தொழில் செய்பவர். ஆனால் பல கடைகளில் வங்கிக் கணக்கை அண்ணன் பார்ப்பார், மாத அறிக்கையை உரிமம் தரும் மாநில ஏஜென்சியின் ஆலோசகர் நிரப்பித் தருவார், வரித் தாளை வேறொருவர் போடுவார். இந்த மாதம் மிஞ்சியது எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேட்டால் அவருக்கே தெரியாது. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வதில் தவறில்லை. முடிவையும் கணக்கையும் அவர்களிடம் விட்டுவிடுவதுதான் ஆபத்து. புதிதாகத் திட்டத்தில் சேருபவர் முதல் நாளிலிருந்தே என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. தகுதி

மூன்று நிபந்தனைகள். நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், பார்வை 20/200 அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்வைப் பரப்பு 20 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மாநில மறுவாழ்வுத் துறை உங்களைக் கடை நடத்தத் தகுந்தவர் என்று சான்றளிக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். நம் ஊரிலிருந்து போனவர்கள் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள்: கிரீன் கார்டு போதாது. குடியுரிமை வந்த பிறகுதான் உரிமம்.

திட்டத்தை மேலிருந்து பார்ப்பது கூட்டாட்சிக் கல்வித் துறை. உங்களோடு நேரடியாகப் பேசுவது மாநில உரிம ஏஜென்சி. பயிற்சி, உரிமம், கடை ஒதுக்கீடு எல்லாம் இந்த ஏஜென்சி வழியாகத்தான்.

2. மூன்று காகிதங்கள்

புதியவர்கள் பலர் இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பெர்மிட் என்பது கட்டடத்தின் நிர்வாகம் ஏஜென்சிக்குக் கொடுப்பது. எந்தத் தளம், எத்தனை இயந்திரம், என்னென்ன விற்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். உரிமம் என்பது ஏஜென்சி உங்களுக்குக் கொடுப்பது. அதற்குக் காலக்கெடு கிடையாது. முழு விசாரணைக்கு வாய்ப்புத் தராமல் அதை ரத்து செய்யவும் முடியாது. மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு கடையை நடத்த நீங்களும் ஏஜென்சியும் போடும் ஒப்பந்தம்.

மூன்றின் பிரதியையும் திரைவாசிப்பானில் (திரையில் இருப்பதைக் குரலாகப் படிக்கும் மென்பொருள்) படிக்கக்கூடிய வடிவத்திலோ பிரெயிலிலோ மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். ஸ்கேன் செய்த படமாக வரும் பிடிஎஃப்பை ஜாஸ், என்விடிஏ, வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்கள் எதுவும் நேராக வாசிக்காது. வேர்டு கோப்பாகக் கேட்பது நல்லது. பெர்மிட்டைத் தரத் தயங்கினால் விடாதீர்கள். பின்னால் கட்டடத்தில் வேறொரு நிறுவனம் இயந்திரம் வைத்தால் நீங்கள் காட்ட வேண்டிய ஆதாரம் அதுதான்.

ஒப்பந்தத்தில் தேடிப் படிக்க வேண்டியவை: ஃப்ரிட்ஜும் இயந்திரங்களும் யாருக்குச் சொந்தம், பழுதானால் எத்தனை நாளில் யார் சரிசெய்வது, தொடக்கச் சரக்கு இலவசமா கடனா. தொடக்கச் சரக்கை ஏஜென்சி கொடுத்தாக வேண்டும் என்று கூட்டாட்சி விதி சொல்கிறது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாய்மொழிப் பதிலை நம்பாமல் எழுதி வாங்குங்கள்.

பக்கத்தில் ஒருவர் படித்துக் காட்ட, அங்கேயே கையெழுத்துப் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கையெழுத்துப் போட்ட பிறகு ‘நான் முழுதாகப் படிக்கவில்லை’ என்பது பொதுவாக எடுபடாது. வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே படித்துவிட்டுப் போடுங்கள்.

3. வங்கிக் கணக்கு

கடைக்கென்று தனிக் கணக்கு, உங்கள் பெயரில். வரி எண்ணாக இஐஎன் வாங்கிக்கொள்ளுங்கள். வருமான வரித் துறையின் இணையதளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை.

வீட்டில் ஒருவர் வங்கி வேலையில் உதவினால் அவரைக் கூட்டுச் சொந்தக்காரராகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கணக்கில் இருக்கும் பணத்தில் அவருக்கும் உரிமை வந்துவிடும். அவருக்கு இருக்கும் கடனுக்காக உங்கள் கணக்கில் கை வைக்கும் நிலைகூட வரலாம். கையெழுத்திட அனுமதி பெற்றவர் என்று மட்டும் சேர்த்தால் அவர் காசோலை போடலாம், ஆனால் பணம் அவருடையது ஆகாது. கணக்காளருக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். பவர் ஆஃப் அட்டர்னி கட்டாயம் தேவைப்பட்டால் எந்த வேலைக்கு, எந்தத் தேதி வரை என்று எழுதிக் கொடுங்கள். ‘எல்லாவற்றுக்கும்’ என்ற பொதுப் பத்திரம் ஒரு கடையின் அன்றாட வேலைக்குத் தேவையே இல்லை.

ஒவ்வொரு பண எடுப்புக்கும் கைபேசிக்குச் செய்தி வரும்படி வையுங்கள். ஐந்து நிமிட வேலை. யார் எப்போது எடுத்தாலும் உடனே தெரிந்துவிடும்.

4. கல்லாவும் இயந்திரப் பணமும்

அமெரிக்க நோட்டுகள் எல்லாம் ஒரே அளவு. தொட்டுப் பார்த்து 1 டாலரையும் 20 டாலரையும் பிரிக்க முடியாது. தகுதியுள்ள பார்வையற்றவர்களுக்கு நோட்டு அச்சிடும் அரசுத் துறையே ஐபில் என்ற சிறு கருவியை இலவசமாகத் தருகிறது. நோட்டின் ஓரத்தை அதில் செருகினால் மதிப்பைக் குரலாகவோ ஒலிக்குறிப்பாகவோ அதிர்வாகவோ சொல்லும். கள்ள நோட்டை அது கண்டுபிடிக்காது; அதற்கு வேறு கருவி வேண்டும். கல்லாவில் வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள்: இடமிருந்து 20, 10, 5, 1. வேலைக்கு ஆள் இருந்தால் அவருக்குத் தனிக் கல்லாத் தட்டு கொடுங்கள். ஒரே தட்டில் இருவர் கை வைத்தால் குறைவது யாரால் என்று கடைசிவரை தெரியாது.

பணம் அதிகம் கசிவது விற்பனை இயந்திரத்தில்தான். சரக்கு நிரப்பப் போகும் ஆள் பையில் கொண்டுவருவதை மட்டும் எண்ணினால் போதாது. இயந்திரம் தனக்குள் எவ்வளவு காசு விழுந்தது என்று பதிவு செய்துகொண்டே இருக்கும். முந்தைய வசூலின் பதிவை இன்றைய பதிவிலிருந்து கழித்தால் வருவதும் பையில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். கார்டு ரீடர் பொருத்திய இயந்திரங்களில் இந்தப் பதிவு இணையத்திலேயே கிடைக்கும். அந்தச் சேவைக்கு ஒப்பந்தம் போடும் முன் நிறுவனத்திடம் சோதனைக் கணக்கு கேட்டு வாங்கி, உங்கள் திரைவாசிப்பானில் நீங்களே ஓட்டிப் பாருங்கள். படமாக மட்டுமே அறிக்கை காட்டும் சேவையை எடுத்தால் உங்கள் விற்பனையை நீங்கள் தெரிந்துகொள்ளவே இன்னொருவரைக் கூப்பிட வேண்டிவரும்.

5. மாத அறிக்கை

எதைக் கற்றாலும் கற்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஏஜென்சிக்குக் கட்டும் தொகை, வரி, ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகை மூன்றும் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் கிளம்புகின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு மாதம். விற்பனை வரி நீங்கலாக விற்றது 12,700 டாலர். மாதத் தொடக்கத்தில் சரக்கு இருப்பு 3,100. வாங்கியது 7,900. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் இருப்பு 4,200. விற்ற சரக்கின் அடக்கவிலை 3,100 + 7,900 − 4,200 = 6,800. மொத்த லாபம் 5,900. ஆள் சம்பளம், கார்டுக் கட்டணம், காப்பீடு, தொலைபேசி எல்லாம் சேர்ந்து 2,400. நிகர வருவாய் 3,500.

வழக்கமாக நடக்கும் தவறு, கடைசி இருப்பை எண்ணாமல் வாங்கியதையே அடக்கவிலையாகப் போடுவது. அப்படிப் போட்டால் இதே மாதம் 2,400 என்று வரும். 1,100 டாலர் குறைவு. அடுத்த மாதம் அலமாரிச் சரக்கு விற்றுத் தீரும்போது அதே தொகை திடீரென்று லாபமாகக் குதிக்கும். தணிக்கையாளர் கண்ணுக்கு இது வருமானத்தை மறைத்தது போலத் தெரியும். அதனால் ஒவ்வொரு மாதமும் கடைசி நாள் கடை மூடியதும் எண்ணுங்கள். பெட்டியை எண்ணாமல் பாக்கெட்டை எண்ணுங்கள், வாங்கிய விலையில் மதிப்பிடுங்கள்.

இன்னும் இரண்டு: வீட்டுச் செலவுக்கு நீங்கள் எடுத்த பணம் கடைச் செலவு ஆகாது. வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரி உங்கள் வருமானமும் ஆகாது. அதை அன்றன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

6. செட்-அசைடு தொகை

நிகர வருவாயிலிருந்து ஒரு பங்கை ஏஜென்சி பிடித்துக்கொள்ளலாம். இதைத்தான் செட்-அசைடு என்கிறார்கள். விகிதத்தை மாநிலம் வகுக்கிறது, கூட்டாட்சிக் கல்வித் துறை ஒப்ப வேண்டும். விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன மாதத்துக்கு 210 டாலர். உங்கள் கையில் 3,290.

இந்தப் பணத்தை ஏஜென்சி நினைத்தபடி செலவழிக்க முடியாது. ஐந்து வேலைகளுக்கு மட்டும்: கருவிகளைப் பராமரிப்பதும் மாற்றுவதும், புதுக் கருவி வாங்குவது, நிர்வாகச் சேவை, வியாபாரிகளுக்கு நியாயமான குறைந்தபட்ச வருவாயை உறுதிசெய்வது, ஐந்தாவதாக ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு விடுப்பு போன்ற நலன்கள். ஐந்தாவதற்கு வியாபாரிகளின் பெரும்பான்மை வாக்கு வேண்டும், வாக்கெடுப்புக்கு முன் முழு விவரமும் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

பணம் எங்கே போனது என்று கேட்பதும் உங்கள் உரிமை. திட்டம் தொடர்பான காலாண்டு, ஆண்டு நிதி அறிக்கைகளை ஒவ்வொரு வியாபாரியும் பார்க்கலாம். முடிந்தவரை பிரெயிலிலோ ஒலிப்பதிவாகவோ தர வேண்டும், புரியாவிட்டால் ஏஜென்சி ஊழியர் நேரம் ஒதுக்கி விளக்க வேண்டும் என்றும் விதியிலேயே இருக்கிறது. கேட்கும்போது கூட்டாட்சி விதித் தொகுப்பின் 34ஆம் தலைப்பு, 395.12 என்று எண்ணையும் எழுதுங்கள். பதில் சீக்கிரம் வரும்.

7. பிறர் இயந்திரங்களின் வருமானம்

கூட்டாட்சிக் கட்டடத்தில் வேறு நிறுவனத்தின் இயந்திரங்கள் இருந்தால் அவற்றின் வருமானத்திலும் பங்கு உண்டு. உங்கள் கடையோடு நேரடியாகப் போட்டியிடும் இயந்திரம் என்றால் முழுவதும், 100 சதவீதம். நேரடிப் போட்டி இல்லையென்றால் 50. வேலை நேரத்தில் குறைந்தது பாதி வழக்கமான அலுவலக நேரத்துக்கு வெளியே நடக்கும் இடங்களில், நேரடிப் போட்டி இல்லாத இயந்திரங்களுக்கு 30. ராணுவத்தினருக்கான எக்ஸ்சேஞ்ச் கடைகளுக்குள் இருப்பவை போன்ற சில விலக்குகளும் உண்டு.

சண்டை வருவது ‘நேரடிப் போட்டி’ எது என்பதில். அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தும் ஊழியர்களில் பெரும்பாலோர் உங்கள் கடைக்குத் தடையின்றி, நியாயமான நேரத்தில் வந்துபோக முடியுமா என்பதுதான் அளவுகோல். அவர்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து கடைக்கு நடந்து எத்தனை நிமிடம், நடுவில் பாதுகாப்புச் சோதனை உண்டா, இடைவேளை எவ்வளவு என்று குறித்து வையுங்கள். 50க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குறிப்பில் இருக்கிறது.

இந்தப் பணம் ஏஜென்சி வழியாகக் குறைந்தது காலாண்டுக்கு ஒரு முறை வர வேண்டும். உங்களுக்கு வரும் தொகைக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு; வரம்புக்கு மேல் ஏஜென்சியிடம் நிற்கும் பணம், வியாபாரிகள் வாக்களித்த நலத் திட்டங்கள் போக, எல்லோருடைய செட்-அசைடையும் குறைக்கப் பயன்பட வேண்டும். குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

8. வரியும் காப்பீட்டுத் தொகையும்

சுயதொழில் வரி 15.3 சதவீதம், நிகர லாபத்தின் 92.35 சதவீதத்தின் மேல். 3,290க்குச் சுமார் 465 டாலர். வருமான வரி தனி. மாதாமாதம் எடுத்து வைத்து ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று நான்கு தவணையில் கட்ட வேண்டும்.

சமூகப் பாதுகாப்பு ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகை வாங்குபவர் கடை எடுக்கப் பயப்பட வேண்டியதில்லை. தொகை நிற்காமல் சம்பாதிக்கக்கூடிய வருமான எல்லை பார்வையற்றவர்களுக்குத் தனி. 2025இல் அது மாதம் 2,700 டாலராக இருந்தது. சுயதொழில் செய்பவருக்கு நிகர லாபத்தை அப்படியே எடுப்பதில்லை. மேலே சொன்ன 3,290ஐ எடுத்துக்கொள்வோம். உங்களுக்காகப் பிறர் ஏற்றுக்கொண்ட தொழில் செலவைக் கழிக்கக் கேட்கலாம். வாடகையில்லாமல் கிடைத்த இடத்தின் மதிப்பு மாதம் 600 டாலர் என்று ஆதாரத்தோடு காட்டி, அது ஏற்கப்பட்டால் 2,690 ஆகிவிடும், எல்லைக்குள். இந்தக் கழிவை அலுவலகம் தானாகப் போடும் என்று காத்திருக்காதீர்கள். இடத்தின் சதுர அடி, அந்தப் பகுதி வாடகை, ஏஜென்சி கொடுத்த கருவிகளின் பட்டியல் மூன்றையும் சேர்த்து எழுதிக் கேளுங்கள்.

9. குழுவும் வாக்கும்

ஒவ்வொரு மாநிலத்திலும் பார்வையற்ற வியாபாரிகளின் குழு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். செட்-அசைடு, பயிற்சி, இடமாற்றம், பதவி உயர்வு போன்ற பெரிய முடிவுகளில் அதற்குப் பங்கு உண்டு. குழு சொன்னதை ஏஜென்சி ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தேர்தலில் வாக்களியுங்கள், கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். தேசிய அளவில் பார்வையற்ற வணிகர்களின் தேசியச் சங்கமும், அமெரிக்க ராண்டால்ஃப்-ஷெப்பர்டு வியாபாரிகள் அமைப்பும் இருக்கின்றன. பழைய வியாபாரி ஒருவரின் அறிமுகம் அங்கேதான் கிடைக்கும்.

10. தகராறு வந்தால்

முதலில் எழுத்தில் புகார். பிறகு ஏஜென்சி நடத்தும் முழு விசாரணை. சாட்சி கொண்டுவரலாம், வழக்கறிஞர் வைக்கலாம். விசாரணை கேட்க வேண்டிய கெடு மாநில விதியில் இருக்கும், சில இடங்களில் மிகக் குறைவு, ஆகவே விதிப் புத்தகத்தைக் கடை எடுத்த வாரமே படித்துவிடுங்கள். தீர்ப்பு சரியில்லையென்றால் கூட்டாட்சிக் கல்விச் செயலருக்கு மனு. மூவர் நடுவர் குழு அமையும்: ஒருவரை நீங்கள் நியமிப்பீர்கள், ஒருவரை ஏஜென்சி, தலைவரை அந்த இருவரும். குழுவின் நியாயமான செலவைக் கல்வித் துறை ஏற்கிறது. உங்கள் வழக்கறிஞர் கட்டணத்துக்கு நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த முடிவையும் எதிர்த்து கூட்டாட்சி நீதிமன்றம் போகலாம்.

இந்த வழிகள் எல்லாம் ஒரே கையெழுத்தில் அடைபட்டுப் போவதும் உண்டு. சிக்கல் வரும்போது ‘நீங்களே விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள், சுமுகமாக முடித்துவிடலாம்’ என்று யாராவது சொல்லலாம். பல மாநில விதிகளில் வியாபாரி தானாக எழுதிக் கொடுத்து விலகினால் விசாரணை இல்லாமலேயே உரிமம் முடிந்துவிடும். கடிதம் கொடுக்கும் முன் குழுவின் பிரதிநிதியிடமோ வழக்கறிஞரிடமோ பேசுங்கள். விலகத்தான் போகிறீர்கள் என்றால் ஏஜென்சி ஆளோடு சேர்ந்து கடைசிச் சரக்கை எண்ணி, கருவிப் பட்டியலைச் சரிபார்த்து, வர வேண்டிய இயந்திர வருமானம் எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.