வங்கிக் கணக்கைக் காக்க முதலில் கைபேசி எண்ணைக் காக்க வேண்டும்

குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் வங்கிக் கணக்கு ஒருவர் பெயரில் இருக்கிறது. அதை நடத்துபவர் வேறொருவராக இருக்கிறார். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகனின் கணக்கைக் கருங்கலில் இருக்கும் தாய் கவனித்துக்கொள்கிறார். தூத்தூர், சின்னத்துறைப் பகுதிகளிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்று வாரக்கணக்கில் சிக்னல் இல்லாமல் இருக்கும் கணவரின் ஏடிஎம் அட்டை மனைவியிடம் இருக்கிறது. கடவுச்சொல்லைக் கடினமாக வையுங்கள் என்ற அறிவுரை மட்டும் இத்தகைய வீடுகளுக்குப் போதாது. வங்கி நம்மை அடையாளம் காண்பது பெரும்பாலும் கைபேசி எண்ணை வைத்துத்தான். ஓடிபி அந்த எண்ணுக்கே வருகிறது; மறந்த கடவுச்சொல்லை மாற்றுவதும், யுபிஐ செயலியைப் புதிய போனில் பதிவதும் அந்த எண்ணின் வழியாகவே நடக்கின்றன. ஆகவே பாதுகாப்பு வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

வெளிநாடு செல்பவர்கள் இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவதுதான் நான் மிகவும் அஞ்சும் பழக்கம். நெடுநாள் பயன்படுத்தாத எண்ணைத் தொலைபேசி நிறுவனம் துண்டிக்கிறது. துண்டித்து குறைந்தது 90 நாள் கழிந்தபின் அதை வேறொருவருக்கு வழங்கலாம். வங்கியில் பழைய எண்ணே பதிவாகியிருந்தால், உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். எண்ணைத் தொடர்ந்து உயிருடன் வைத்திருங்கள். இயலாதென்றால் வங்கியில் எண்ணை மாற்றிவிட்டுப் பிறகு கைவிடுங்கள். அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், ஓமான் உள்ளிட்ட நாடுகளின் எண்ணைக் கொண்டே வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் யுபிஐ பயன்படுத்த 2023 முதல் வழி இருப்பதால், இந்த வசதி தங்கள் வங்கியில் உண்டா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. உங்கள் பெயரில் நீங்கள் அறியாத சிம் ஏதும் இருக்கிறதா என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்த்து, இருந்தால் அங்கேயே புகார் அளிக்கலாம்.

அடுத்தது சிம்முக்குப் பூட்டுப் போடுவது. இதைச் செய்திருப்பவர்கள் மிகக் குறைவு. வடசேரி பேருந்து நிலைய நெரிசலில் போன் பறிபோனால், திரைப்பூட்டு இருக்கிறதே என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆனால் திருடியவர் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் ஓடிபிகள் அங்கே வரத் தொடங்கிவிடும். போனின் பாதுகாப்பு அமைப்புகளில் சிம் பூட்டு என்ற வசதியை இயக்கினால், போன் மாறும்போதெல்லாம் சிம் தன் ரகசிய எண்ணை, அதாவது பின் (PIN) எண்ணைக் கேட்கும். முதலில் நிறுவனம் கொடுத்திருக்கும் பின் எண்ணை வாடிக்கையாளர் சேவையில் கேட்டறிந்து, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். ஊகத்தில் மூன்று முறை தவறாக இட்டால் சிம் முடங்கிவிடும். வங்கியில் பதிந்த மின்னஞ்சலுக்கும் தனியான கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வேண்டும்.

வீட்டில் இருப்பவருக்குப் பணம் எடுக்க வேண்டுமே என்று யுபிஐ பின் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். ரகசிய எண்ணைப் பகிர்ந்ததால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மனைவி அல்லது தாய் பெயரில் தனிக் கணக்கு திறந்து, மாதச் செலவுக்கான தொகையை அதில் அனுப்புவதே சிறந்தது. யுபிஐ சர்க்கிள் வசதியில், உங்கள் கணக்கிலிருந்து மாதம் 15,000 ரூபாய் வரை செலவழிக்க வீட்டாருக்கு அனுமதி தரலாம். எப்படியும் சேமிப்பு முழுவதும் கிடக்கும் கணக்கை யுபிஐயுடன் இணைக்காதீர்கள். சிறு தொகை வைத்த கணக்கொன்றை இணைத்து, வங்கிச் செயலியில் நாளொன்றுக்கான வரம்பையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்றும் விதங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்றாலும், இப்போது பெரும் சேதம் விளைவிப்பவற்றுள் ஒன்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு. திருமண அழைப்பிதழ், வாகன அபராத ரசீது, வங்கியின் கேஒய்சி என ஏதேனும் ஒரு பெயரில் அது வரும். திறந்து நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியை மோசடிக்காரருக்கு அனுப்பிவிடும். பிறகு அதே கோப்பு உங்கள் எண்ணிலிருந்தே உங்கள் உறவினர்களுக்கும் போகும். ஆகவே அனுப்பியவர் நமக்குத் தெரிந்தவர் என்பது எந்த உறுதியும் அல்ல. நிறுவிவிட்டதாக ஐயம் எழுந்தால், போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வேறொருவரின் போனிலிருந்து வங்கியை அழையுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. போலீஸ் என்று சொல்லி யாரேனும் மிரட்டினாலும் நம்பாதீர்கள்; வீடியோ அழைப்பில் கைது செய்யும் முறை இந்தியச் சட்டத்தில் இல்லை.

ஆதார் கைரேகை மூலம் பணம் எடுக்கும் வசதியிலும் ஓர் ஆபத்து உண்டு. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளைப் பிரதியெடுத்துப் பணம் எடுத்த சம்பவங்கள் பிற மாநிலங்களில் நடந்துள்ளன. ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியில் கைரேகையைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும் தற்காலிகமாகத் திறக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால் அக்கம்பக்கத்தில் ஆலோசனை கேட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள், வெட்கப்படவும் வேண்டாம். முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முன்பே அதை முடக்க முயல்வதற்கான எண் அது. அங்கே நிமிடங்களுக்கு மதிப்புண்டு. பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றும் கையில் இருக்கட்டும். அடுத்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ, நாகர்கோவிலில் உள்ள சைபர் குற்றப் பிரிவிலோ எழுத்துப்பூர்வமாகப் புகார் அளியுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வாடிக்கையாளருடையதாகவோ வங்கியுடையதாகவோ இல்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்துவிட்டால், வாடிக்கையாளருக்கு இழப்பு கிடையாது. கடலில் இருப்பவரின் குறுஞ்செய்தியை யாரும் பார்க்காமல் இந்த நாட்கள் ஓடிவிடக் கூடாது. வீட்டில் ஒருவர் திறந்து பார்க்கக்கூடிய மின்னஞ்சலுக்கும் பரிவர்த்தனைத் தகவல் வருமாறு கிளையில் எழுதிக் கொடுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழிமுறை அறிய 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.