ஆஃப் சீசனில் கோவளம் போவது எப்படி: களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

குளிர்நாடுகளில் கடற்கரை ஊர்கள் பனிக்காலத்தில் காலியாகும். கேரளத்தில் அப்படியே தலைகீழ். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கோவளத்தில் வாடகை உச்சத்தில் இருக்கும், நடைபாதையில் தோள் உரசாமல் நடக்க முடியாது. ஊர் மூச்சு விடுவது இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகுதான், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில் இருக்கும் மார்த்தாண்டம், குழித்துறை, தக்கலை ஆட்களுக்கு இது பக்கத்து ஊர், ஒரு மணி நேரம் கொஞ்சம் கூடக் குறைய. இருந்தும் நம்மவர்கள் டிசம்பரில்தான் குடும்பத்தோடு போய்க் கூட்டத்தில் நின்றுவிட்டு வருகிறார்கள். வாடகை குறையும் என்பதற்காக மட்டும் மழைக்காலத்தில் போகாதீர்கள், அப்படிப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அந்த மாதங்களில்தான் கடல் கடலாக இருக்கும், பக்கத்துத் துறைமுக ஊரான விழிஞ்ஞம் மீன்காரர்களின் ஊராக இருக்கும். அது வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

சென்னை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: இது கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளம் இல்லை. கன்னியாகுமரிக்குப் பக்கத்திலும் ஒரு கோவளம் உண்டு, அதுவும் இல்லை. மேப்பில் தேடும்போது திருவனந்தபுரம் என்று சேர்த்து அடியுங்கள்.

படி 1: வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆஃப் சீசன் என்றால் மூன்று மாதமும் காலி என்று அர்த்தம் இல்லை. நாம் ஆடி அமாவாசை என்று சொல்லும் நாள்தான் மலையாளத்தில் கர்க்கடக வாவு. அன்று முன்னோருக்குப் பலி இடுவதற்கு, அதாவது தர்ப்பணம் கொடுப்பதற்குத் திருவல்லம் பரசுராமர் கோயிலிலும் சங்குமுகத்திலும் வர்க்கலா பாபநாசத்திலும் அப்படி ஒரு கூட்டம் சேரும். திருவல்லம் கோவளத்துக்குப் போகும் வழியிலேயே இருப்பதால் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே சாலை திணறும். 2025-ல் அது ஜூலை 24 அன்று வந்தது. வருஷா வருஷம் மாறும், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 ஒட்டி வரும் நீண்ட விடுமுறை, ஓண வாரம், இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். என் விருப்பம் ஜூன் கடைசி வாரம் அல்லது ஜூலை முதல் பாதி, அதிலும் திங்கள் முதல் வியாழன் வரை.

அப்புறம், மழை நாள் முழுக்கக் கொட்டும் என்று பயப்படுகிறவர்களுக்கு: தென்மேற்குப் பருவமழை கோழிக்கோடு, கண்ணூர் பக்கம் அடிக்கிற அடி திருவனந்தபுரத்தில் கிடையாது. தெற்கே வர வர மழை குறையும், நாகர்கோவிலில் இன்னும் குறைவு. பல நாட்களில் ஒரு பாட்டம் ஊற்றும், விடும், வெயில் அடிக்கும், மறுபடி கடல் மேலிருந்து கறுத்துக்கொண்டு வரும். அக்டோபர், நவம்பரில் வரும் துலாவர்ஷம் வேறு மாதிரி. அது மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு இறங்கும், திறந்த கடற்கரையில் நிற்பதற்கு அது ஏற்ற காலம் இல்லை.

படி 2: வானிலையைப் பார்க்கும் முறை

போனில் தானாக வரும் வானிலை ஆப் ஜூன் மாதம் முழுக்க இடி மேகப் படத்தைத்தான் காட்டும். அதை நம்பிப் பயணத்தை முடிவு செய்தால் எந்த ஊருக்கும் போக முடியாது. நான் பார்ப்பது இரண்டுதான். ஒன்று, வானிலை ஆய்வுத் துறை மாவட்ட வாரியாகக் கொடுக்கும் நிற எச்சரிக்கை. மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை, ஆரஞ்சு என்றால் 204.4 வரை, அதற்கு மேல் சிவப்பு. மஞ்சளுக்குக் கிளம்பலாம். ஆரஞ்சு என்றால் தள்ளிப்போடுங்கள்.

இரண்டாவது, ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையத்தின் அலை எச்சரிக்கை. மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. கள்ளக்கடல் என்று நம் பக்கத்து மீனவர்கள் சொல்வது இதைத்தான். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் அடித்த புயல்காற்று கிளப்பிய அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாமல் வானம் வெளுத்துக் கிடக்கும்போது வந்து கரையேறும். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால் வரும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மே கடைசியில் போக நினைப்பவர்கள் இதைப் பார்க்காமல் கிளம்பவே வேண்டாம்.

படி 3: போய்ச் சேர்வது

பஸ்ஸில் போனால் திருவனந்தபுரம் வரை போய்த் திரும்பி வரத் தேவையில்லை. பாலராமபுரத்தில் இறங்கினால் விழிஞ்ஞத்துக்குப் பஸ் உண்டு, கையில் சாமான் இருந்தால் ஆட்டோ. ரயில்தான் வேண்டும் என்றால் திருவனந்தபுரம் ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் இறங்கிக் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்குப் போங்கள். அங்கிருந்து கோவளத்துக்குப் பஸ் கிடைக்கும். கார், பைக் என்றால் காரோடு என்ற ஊர் வழியாகப் பைபாஸ் பிடிப்பது நல்லது, பாறசாலை நெய்யாற்றின்கரை நெரிசல் மிச்சம். திருவல்லம் சுங்கச்சாவடிக்கு முன்னாலேயே கோவளம் சந்திப்பு வந்துவிடும்.

படி 4: அறை (இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்)

ஆஃப் சீசன் பயணம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆப்பில் பார்க்கும் படங்கள் எல்லாம் ஜனவரியில் எடுத்தவை. ஜூலையில் அதே அறை வேறு அறை. அதனால் ஆப்பில் பெயரைப் பாருங்கள், பணத்தைக் கட்டாதீர்கள், நேரே போன் செய்யுங்கள். "சேட்டா, ரூம் உண்டோ?" என்று கேட்டால் "உண்டு, வா, நோக்காம்" என்றுதான் எல்லா இடத்திலும் பதில் வரும். அதோடு போனை வைத்துவிடாமல் இன்னும் மூன்று விஷயம் கேட்க வேண்டும்.

முதலாவது, "பணி நடக்குன்னுண்டோ?" (வேலை ஏதும் நடக்கிறதா?) சீசன் முடிந்ததும்தான் விடுதிக்காரர்கள் டைல்ஸ் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது எல்லாவற்றையும் எடுத்துப் போடுவார்கள். வாடகை பாதிக்குக் கீழே சொல்கிறார்கள் என்றால் பல நேரம் அடுத்த அறையில் காலை எட்டு மணிக்கே டைல்ஸ் அறுக்கும் மெஷின் ஓடப்போகிறது என்று அர்த்தம். ஈரக் காலத்தில் அடித்த பெயின்ட் சீக்கிரம் காயாது, அந்த வாடை தலையணை வரை ஏறியிருக்கும். இரண்டாவது, கரண்ட் போனால் ஜெனரேட்டரா, இன்வெர்ட்டரா, மெழுகுவத்தியா? தென்னை ஓலை ஒன்று கம்பியில் விழுந்தாலே மணிக்கணக்கில் இருட்டுதான். மூன்றாவது, சமையலறை திறந்திருக்கிறதா? ஆள் குறைவு என்று சமையற்காரரை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள், நீங்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு மழையில் ஹோட்டல் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நேரில் போனதும் சாவி வாங்குவதற்கு முன் அறையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், அந்த மாதங்களில் யாரும் மறுக்க மாட்டார்கள். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். திரைச்சீலைக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளி இருந்தால் பூஞ்சை, வேறு அறை கேளுங்கள். மெத்தையில் உள்ளங்கையை அழுத்தி வைத்தால் ஈரம் தெரியும்.

கடலைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மழைக்காலத்தில் அந்த பால்கனிக் கதவைத் திறந்தால் காற்று கட்டில் விரிப்பைக் கிளப்பிவிடும், கண்ணாடி முழுக்க உப்புப் படிந்து கடலும் தெரியாது. கீழ்த்தளத்தில் ஓதம் ஏறி ஈரமாக இருக்கும். தகரக் கூரை போட்ட மேல்தளத்தில் மழைச் சத்தத்தில் தூங்க முடியாது. கடற்கரையிலிருந்து இரண்டாவது வரிசையில், முதல் மாடியில், பக்கவாட்டு ஜன்னல் உள்ள அறை போதும். ஏசி இருந்தால் ரிமோட்டில் ட்ரை மோடு என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் அறை ஈரத்தை இழுக்கும், துணியும் காயும். ரொம்பப் பேர் அந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை.

படி 5: கடலும் நீங்களும்

குளிக்கப் போகவில்லை, பார்க்கப் போகிறீர்கள். கலங்கரை விளக்கக் கடற்கரையிலும் ஹவ்வா கடற்கரையிலும் மழைக்காலத்தில் மணல் வெகுவாகக் குறைந்துவிடும், கடல் ஏற்றத்தின்போது அலை நடைபாதையின் சுவரையே வந்து அறையும். மணல் மறுபடி சேர்வது மழை ஓய்ந்த பிறகு. சிவப்புக் கொடி நட்டிருந்தால் கணுக்கால்கூட நனைக்க வேண்டாம்.

கொடி இல்லாத இடத்தில் ஒரு விஷயம் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும், நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கலங்கலாகத் தெரியும். குழந்தைகளை அங்கேதான் இறக்கத் தோன்றும். கரையேறிய தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்பிப் பாயும் வழி அதுதான், ஆளை இழுப்பதும் அதுதான். யாராவது அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். பாறைகள் வேறு. மழையில் பாசி பிடித்திருக்கும். செல்ஃபிக்காக ஏறுகிறவர்களை உயிர்காப்பாளர்கள் விசிலடித்து விரட்டிக்கொண்டே இருப்பார்கள், அவர்களோடு வாதாடாதீர்கள்.

நடப்பதற்கு நல்ல வழி கலங்கரை விளக்கத்திலிருந்து விழிஞ்ஞம் பக்கம். அந்தக் கலங்கரை விளக்கம் 1972-ல் வந்தது, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்டது, மேலே ஏறவும் விடுவார்கள், காற்று பலமாக இருந்தால் மட்டும் கேட்டுவிட்டு ஏறுங்கள். தெற்கே புதுத் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள் தெரியும். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்ததிலிருந்து ஊரில் டீக்கடைப் பேச்சே கப்பல் பேச்சுத்தான். 2025 மே கடைசியில் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன ஒரு கப்பல் மூழ்கியபோது அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரை எங்கும் ஒதுங்கின. மணலில் சவ்வரிசி மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் பிள்ளைகளை எடுத்து விளையாட விடாதீர்கள். வழியில் ஆய் மன்னர் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது, சின்னது, எட்டாம் நூற்றாண்டு என்கிறார்கள், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

படி 6: சாப்பாடு

ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, 52 நாள், கேரளத்தில் டிராலிங், அதாவது இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை. விசைப்படகுகள் போகாது. நம் குமரி மாவட்ட மேற்குக் கரையிலும் ஜூன், ஜூலையில் தடைதான். ஆகவே பெரிய மெனு அட்டை நீட்டும் கடைகளில் அந்த மாதங்களில் வரும் பெரிய மீன் ஐஸ்பெட்டியில் எத்தனை நாள் கிடந்ததோ, கேட்டுவிட்டு ஆர்டர் சொல்லுங்கள். ஆனால் வள்ளங்கள் என்கிற சின்ன நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. மற்ற கரைகளில் அலை தாண்டி வள்ளம் இறக்க முடியாதபோது விழிஞ்ஞத்தின் இயற்கைத் துறை ஓரளவு அடங்கியிருக்கும் என்பதால் பக்கத்து ஊர் வள்ளங்களும் இங்கே வந்துதான் தொழில் செய்யும். கோவளம் தூங்கும் மாதங்களில் விழிஞ்ஞம் விழித்துக்கொள்ளும். காலையில் துறைக்குப் போய் ஏலத்தைப் பாருங்கள், நெத்திலி, அயலை, கணவாய் என்று அன்றைக்கு எது ஏறியதோ அதைத்தான் துறைக்குப் பக்கத்துச் சின்னக் கடைகளில் மத்தியானம் மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கு) போடுவார்கள். ஏலம் நடக்கும் இடத்தில் வழியை மறித்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள், அவர்கள் வேலை செய்கிற நேரம்.

படி 7: பையில் என்ன

மூன்று மடிப்புக் குடையை வீட்டிலேயே வையுங்கள், கடல்காற்று முதல் வீச்சிலேயே அதைத் திருப்பிப்போட்டுவிடும். தாத்தா வைத்திருந்த, வளைந்த கைப்பிடி உள்ள நீளக் காலன் குடை இருந்தால் அது போதும், இல்லாவிட்டால் ரெயின்கோட். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது. லுங்கியும் அரைக்கால் சட்டையும் போதும். பிடிமானம் உள்ள ரப்பர் செருப்பு, டார்ச், கொசுவத்தி. ஏடிஎம் தேடி மழையில் அலையாமல் கொஞ்சம் சில்லறைப் பணம்.

பின்னால் சேர்த்தது

இதைப் படித்துவிட்டு, ஆடி மாதத்தில் கேரளத்தில் எடுக்கும் ஆயுர்வேதச் சிகிச்சையான கர்க்கடகச் சிகிச்சையையும் அப்படியே முடித்துக்கொள்ளலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். முறையான சிகிச்சை என்றால் வைத்தியர் பார்த்து, பத்தியம் சொல்லி, நாள் கணக்கில் நடப்பது. இரண்டு நாள் பயணத்தில் நடைபாதை ஓரம் ஒரு மணி நேரம் எண்ணெய் தேய்த்துவிடுவது உழிச்சல் மட்டுமே, அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். கேரள சுற்றுலாத் துறையின் தரச்சான்று சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாதத்து மருந்துக் கஞ்சியான கர்க்கடகக் கஞ்சி பல ஹோட்டல்களில் கிடைக்கும், அதைக் குடித்துப் பாருங்கள்.

இதே முறையில் வர்க்கலா போகலாமா என்றும் கேட்டார்கள். போகலாம், வர்க்கலா சிவகிரியில் நிற்கும் ரயிலாகப் பார்த்து ஏறினால் அலைச்சலும் குறைவு. ஆனால் வடக்குக் குன்றில் பாதிக் கடைகள் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும், உணவுக்குக் கோயில் பக்கம் இறங்க வேண்டியிருக்கும். குன்று செம்பாறையும் இளகிய மணற்கல்லும் அடுக்கியது, மழை ஊறினால் சரியும். விளிம்பை ஒட்டிய நடைபாதையில் விரிசலோ கயிறோ கண்டால் உள்பக்கச் சாலையில் நடங்கள். பைக்கை விளிம்பில் நிறுத்தாமல் ஹெலிபேட் பக்கம் விட்டுவிடுங்கள்.