சர்வதேச உறவுகள் படித்துவிட்டு வேலை தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்றுமதியாளர்களுக்கு வெளிநாட்டு வணிக விதிகளைப் படித்துச் சொல்வது எங்கள் அலுவலக வேலை. அதனால் இன்டர்நேஷனல் ஸ்டடீஸ், சர்வதேச உறவுகள் முடித்த பிள்ளைகளை விரும்பித்தான் எடுக்கிறோம். இதே படிப்பைப் படித்த எங்கள் வகுப்பு அந்தக் காலத்தில் எங்கெல்லாம் சறுக்கியதோ அதே இடங்களில் இவர்களும் சறுக்குவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பயோடேட்டாவில் எழுத்துப்பிழை, நேர்காணலுக்குத் தாமதம் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

ஐஎஃப்எஸ் (இந்திய வெளியுறவுப் பணி) ஒன்றையே நம்பி இருப்பது

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் யுபிஎஸ்சி தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், உங்கள் பட்டத்துக்கென்று தனிச் சலுகை கிடையாது. பொதுப் பிரிவினர் 32 வயதுவரை 6 முறை எழுதலாம், ஓபிசி பிரிவினர் 35 வயதுவரை 9 முறை. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாள் எழுதினாலே ஒரு வாய்ப்பு போனதாகக் கணக்கு. எழுதுங்கள், கூடவே பட்டதாரிகளை மத்திய அரசுப் பணிகளுக்கு எடுக்கும் எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வையும் எழுதுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் உதவிப் பிரிவு அலுவலர் பணிக்கு அதன் வழியாக ஆள் எடுக்கிறார்கள். வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்க்கும் வாய்ப்பும் அதில் உண்டு.

கடன் வாங்கி இரண்டாவது எம்ஏ படிப்பது

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஈரோட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவர் இங்கேயே எம்ஏ சர்வதேச உறவுகளை நல்ல மதிப்பெண்ணில் முடித்தவர். வேலை உடனே அமையவில்லை. "லண்டன்ல ஒரு வருஷ மாஸ்டர்ஸ் முடிச்சா ஐநா வரைக்கும் போகலாம் தம்பி" என்றார் ஒரு கன்சல்டன்சிக்காரர். ஏழரை லட்சத்தைத் தாண்டும் கல்விக் கடனுக்குப் பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்பார்கள். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போனது. அங்கே போய் அவர் படித்தது இங்கே படித்த அதே பனிப்போர், அதே பாதுகாப்பு அவை, அதே கோட்பாடுகள். திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தபோது கையில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் இருந்தன, ஒரு நாள் வேலை அனுபவமும் இல்லை, மாதத் தவணை தொடங்கியிருந்தது. அந்தக் கன்சல்டன்சிக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கம்ப்யூட்டர் வேலைக்குத் திறமையைப் பார்த்துவிட்டு அப்புறம் விசா பேசுவார்கள். வெளியுறவு சார்ந்த வேலைகளில் முதல் கேள்வியே குடியுரிமைதான். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம் பிரிட்டிஷ் குடிமக்களைத்தான் எடுக்கும். அமெரிக்க மத்திய அரசுப் பணிகளும் பெரும்பாலும் அப்படியே. மிஞ்சுவது தொண்டு நிறுவனங்களும் தனியார் ஆலோசனை நிறுவனங்களும். பிரிட்டனில் உங்களை வைத்துக்கொள்ள அவர்களிடம் ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் அனுமதி, இருக்க வேண்டும். அங்கே திறன் பணியாளர் விசாவுக்கான குறைந்தபட்சப் பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு வரம்பு கொஞ்சம் குறைவு. ஆனால் தொண்டு நிறுவனங்களின் ஆரம்பச் சம்பளம் அதை எட்டுவதே கடினம். படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை தேடத் தரும் அவகாசமும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 2 வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது.

சரி, ஐநா? அங்கே பி-2 என்ற இளநிலை அதிகாரிப் பணிக்குப் பொதுவாக முதுகலையோடு 2 வருட அனுபவம் கேட்பார்கள். முதுகலை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, இல்லாதது அனுபவம். இளைஞர்களை எடுக்க ஐநா நடத்தும் ஒய்பிபி தேர்வை எழுத, அந்த வருடப் பட்டியலில் உங்கள் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். வங்கிக்குப் போகும் முன் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

வெளியே தடையாக நிற்கும் அதே பாஸ்போர்ட் இங்கே உங்களுக்குச் சாதகம். ஐநா அமைப்புகளின் இந்திய அலுவலகங்களில் நேஷனல் ஆபீசர் பணியிடங்கள் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. யுனிசெஃபுக்கும் ஐநா அகதிகள் ஆணையத்துக்கும் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. சென்னையில் உள்ள துணைத் தூதரகங்கள் வணிகம், விசா, செய்தித் தொடர்புப் பிரிவுகளுக்கு உள்ளூர்க்காரர்களை எடுக்கின்றன. வெளிநாட்டில் படித்தே ஆக வேண்டுமென்றால் உதவித்தொகையில் போங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர, அதாவது சுமார் 2 வருட, வேலை அனுபவம் வேண்டும். ஆகவே முதலில் இங்கே ஒரு வேலை, அப்புறம் விண்ணப்பம்.

ஐநா வேலைக்குப் பணம் கட்டுவது

ஐநா எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்காது. கேட்பவர் மோசடிக்காரர்.

வணிகம் நம் பாடம் இல்லை என்று ஒதுங்குவது

நேர்காணலில் ஒரு டி-ஷர்ட்டை மேசைமேல் வைப்பேன். திருப்பூரில் தைத்தது, பருத்திப் பின்னலாடை. "இது துபாய்க்குப் போகிறது, அங்கே என்ன வரி?" என்று கேட்பேன். வல்லரசுகளைப் பற்றி அரை மணி நேரம் சரளமாகப் பேசியவர்கள் இதில் நின்றுவிடுகிறார்கள். சுங்கக் குறியீடு 6109.10. வழக்கமான வரி 5 சதவீதம். 2022 மே 1 முதல் நடப்பிலுள்ள இந்தியா-அமீரக வணிக ஒப்பந்தப்படி வரி இல்லை. ஆனால் சரக்கு இந்தியாவில் உருவானதுதான் என்று காட்டும் சான்றிதழ் கூடப் போக வேண்டும்.

தேனியிலிருந்து வந்த ஒரு பெண் சட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் துணி எந்த நாட்டில் பின்னியது மேடம்?" என்று திருப்பிக் கேட்டார். சலுகை கிடைப்பதே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அன்றைக்கே அவரை எடுத்துக்கொண்டோம்.

ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, அலுமினியம், சிமென்ட் போன்ற சரக்குகளுக்குக் கொண்டுவந்த கார்பன் எல்லை வரி (தயாரிப்பில் வெளியாகும் கார்பனுக்கான இறக்குமதிக் கட்டணம்), 2026 தொடக்கத்தில் கட்டணக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த விதிகளைப் படித்து, கோவையில் பட்டறை நடத்துபவருக்குப் புரியும்படி சொல்ல ஆள் தேவை. ஒப்பந்த வாசகங்களைப் படித்துப் பழகியவர்கள் நீங்கள்தானே?

மொழியைப் பாதியில் விடுவது

ஜப்பானிய மொழியில் என்5, பிரெஞ்சில் ஏ1 என்ற முதல் படியோடு நின்றால் பயோடேட்டாவில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். வேலைக்கு உதவும் என்2, பி2 நிலைகள் வரை போங்கள்.

உலகம் முழுவதையும் கையில் எடுப்பது

"எனக்கு எல்லாப் பகுதிகளிலும் ஆர்வம்" என்பவருக்கு எந்த ஆய்வு மையத்திலும் நாற்காலி கிடையாது. ஒரு பகுதியைப் பிடியுங்கள். தமிழ் பேசும் நமக்கு இலங்கை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பத்திரிகைகளை மூலத்திலேயே படிக்கலாம், 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களைப் படித்துவிட்டு ராமேஸ்வரத்து மீனவரிடம் நேரிலேயே பேசலாம். அதோடு சிங்களமும் வாசிக்கக் கற்றுக்கொண்டால் டெல்லியில் உங்களுக்குப் போட்டியாளர்கள் மிகக் குறைவு. அப்படியிருந்தும் வருகிற ஆய்வேடுகளில் பாதி அமெரிக்கா-சீனா பற்றியே இருக்கின்றன.

எழுத்து மாதிரியாக ஆய்வேட்டை அனுப்புவது

நூறு பக்கத்தை யாரும் திறக்க மாட்டார்கள். 2 பக்கம் போதும். பிரச்சினை என்ன, யாரைப் பாதிக்கிறது, திங்கட்கிழமை காலையில் யார் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிடட்டும். வரலாற்றுப் பின்னணியை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.